கை மாறிப் போன டயல் டோன்

டயல் டோனுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. ரிசீவரை எடுத்தால் 'ம்ம்ம்' என்று காத்திருக்கும். முதல் எண்ணை அழுத்தியதும் வாயை மூடிக்கொண்டு வழிவிடும். எங்கள் வீட்டு டயல் டோன் அந்த மரியாதையைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டது. ஒரு எண்ணை அழுத்தினாலும் 'ம்ம்ம்', ஆறு எண்ணையும் அழுத்தினாலும் 'ம்ம்ம்'. அழுத்தும்போது வழக்கமாக வருகிற 'பீப்' சத்தத்தைக் காணோம். இத்தனைக்கும் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் மணி அடித்தது, பேச்சும் கண்ணாடி போலக் கேட்டது. நாங்கள்தான் யாரையும் கூப்பிட முடியவில்லை.

கைபேசி எல்லார் சட்டைப் பையிலும் ஏறாத காலம் அது. வேறு சமயமாக இருந்தால் கடைசி வீட்டு அக்காவின் போனில் பேசிவிட்டு வந்திருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. தடியை ஊன்றிக் கட்டிலுக்கும் குளியலறைக்கும் போய்வருவார். பேச்சு கொஞ்சம் இழுக்கும், வாய் மட்டும் குறையவில்லை. நான் சட்டைக் கம்பெனியில் செக்கர். காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் வந்து பார்க்கிற நர்ஸம்மா போன வெள்ளிக்கிழமை வாசலில் நின்றுகொண்டு கறாராகச் சொல்லிவிட்டார்.

"அவசரம்னா அவரே போன் பண்ணி ஆளைக் கூப்பிடணும்மா. அது முடியலைன்னா தனியா விட நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பேன். பராமரிப்பு இல்லத்துல ஒரு படுக்கை சொல்லி வச்சிருக்கேன். சரிப்படலைன்னா திங்கட்கிழமை வண்டி வந்துடும்."

இவ்வளவையும் என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே என்னைப் பார்த்துதான் சொன்னார். கட்டிலிலிருந்து இவர் கேட்டார்: "வண்டியை ஓட்டறது யாரு? நானா?"

நர்ஸம்மா சிரித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் இவர் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. "என்னை அங்க அனுப்பிடாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

எங்கள் போன் பழைய போன். தீப்பெட்டி அகலத்துக்குப் பெரிய பட்டன்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் அண்ணன் ஹாலிலிருந்து ஒயர் இழுத்து, கட்டில் பக்கத்துச் சுவரில் புதுப் பெட்டி ஒன்று பொருத்தி, போனை இவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக் கொடுத்தான். அண்ணன் எலக்ட்ரீஷியன். முப்பது வருஷ அனுபவம். இடுப்பில் எப்போதும் ஒரு மீட்டர் தொங்கும். எதைப் பார்த்தாலும் அதன் இரண்டு முனையை வைத்து அளந்து பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தெருவே அவனை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடும். அன்றைக்கும் ரிசீவரை எடுத்து டோன் வருகிறதா என்று பார்த்தான். தன் கடைப் பையனை விட்டுக் கூப்பிடச் சொல்லி மணி அடிக்கிறதா என்று பார்த்தான். "நம்ம வேலையில குறை இருக்காது" என்று மீசையைத் தடவிக்கொண்டு போனான். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் எண்ணை அழுத்திப் பார்க்கவில்லை. பிறகு நான்கு நாள் மழை கொட்டியது. போன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தபோது எல்லாரும் மழையைத் திட்டினோம்.

மழை நின்றது. டோன் நிற்கவில்லை.

திங்கட்கிழமை டெலிபோன் ஆபீஸ் லைன்மேன் வந்தார். சுவர்ப் பெட்டியைத் திறந்து, இடுப்பிலிருந்த தன் போனை இரண்டு ஒயரிலும் கவ்வவிட்டு, ஏதோ எண்ணை அழுத்தினார். எங்கள் வீட்டு டோன் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டது. யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார்.

"லைன் சூப்பரா இருக்கும்மா. உங்க போன்தான் பழசு."

"பழசுன்னா? நாங்களும் பழசுதான். நாங்க பேசலையா?"

அவர் சீட்டை எடுத்து 'குறை இல்லை' என்று எழுதி நீட்டினார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஒரு நாளைக்கு நானூறு சட்டையைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவள் நான். என் வீட்டில் குறை இல்லை என்று லைன்மேன் எழுதுவாராம், நான் கையெழுத்துப் போடுவேனாம். "போட மாட்டேன்" என்றேன். "சரி, வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வருவேன், யோசிச்சு வைங்க" என்று சீட்டை மடித்துக்கொண்டார். அவர் கிளம்பும்போது ஒன்று கேட்டேன்.

"இந்த ஒயரைத் தொட்டா ஷாக் அடிக்குமா?"

"ஆளைக் கொல்லாதும்மா. மணி அடிக்கிற நேரத்துல தொட்டாதான் சுருக்குனு இழுக்கும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் லைனில் மாட்டினார். அழுத்தினார். 'பீப், பீப்' என்று அழகாகச் சத்தம் வந்தது. மனைவியைக் கூப்பிட்டு மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டு, தலையிலேயே இருக்கிறது என்று பதிலும் வாங்கிவிட்டார். "போன் நல்லா இருக்கும்மா. லைனைப் பாருங்க" என்றார். வீட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லி ஒரு புதுப் போனையும் கொடுத்தனுப்பினார்.

புதுப் போன் எங்கள் வீட்டில் ஜோராக வேலை செய்தது. ஆனால் பட்டன்கள் மாத்திரை அளவுதான். இவருடைய இடது கை நடுக்கத்துக்கு ஒன்றை அழுத்தினால் இரண்டு அழுந்தியது. என் கம்பெனியைக் கூப்பிடப் பார்த்து யாரோ பல் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"பல்லு வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லை, விரல்தான்னேன்."

ஐந்து முறை முயன்றார். ஐந்து முறையும் வேறு வேறு ஆட்கள். ஆறாவது முறை ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். புதுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, எங்கள் போன் கடையில் வேலை செய்கிறது. எங்கள் லைன் வேறு போனுக்கு வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆகவில்லை. மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்லவள், ஒரே வீட்டில் வைத்தால் மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள். இதற்கு யாரைப் போய்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது?

புதன்கிழமை கம்பெனியில் வேலை ஓடவில்லை. மேசையில் சட்டைகள் குவிந்துகொண்டே இருந்தன. ஒரு நீலச் சட்டையை எடுத்தேன். உடம்பு சரியாக இருந்தது. கைகள் சரியாக இருந்தன. தையல் எண்ணி வைத்தது போல இருந்தது. ஆனால் மாட்டிப் பார்த்தால் தோளில் உட்காராது. எங்கள் மேசையில் இதற்குப் பெயர் 'கை மாறி'. வலது கையை இடது பக்கமும் இடது கையை வலது பக்கமும் வைத்துத் தைத்துவிடுவார்கள். புதிதாக வருகிற செக்கர் கையைத் தனியாகப் பார்ப்பாள், உடம்பைத் தனியாகப் பார்ப்பாள், இரண்டும் நன்றாக இருக்கிறது என்று பாஸ் போட்டுவிடுவாள். எனக்குப் பார்த்தவுடனே தெரியும். 'கை மாறி, ரிட்டர்ன்' என்று சாக்கட்டியால் எழுதப் போனேன்.

எழுதவில்லை. சாக்கட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சுவர்ப் பெட்டிக்குள் இரண்டு ஒயர். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டு திருகாணி. லைன்மேன் லைனைத் தனியாகப் பார்த்தார். கடைக்காரர் போனைத் தனியாகப் பார்த்தார். இரண்டு பேரும் பாஸ் போட்டுவிட்டார்கள்.

"கை மாறி!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரி பதறிப்போய்த் தன் கையிலிருந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு மணி அடித்ததும் நான் நடக்கவில்லை, ஓடினேன். தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டேன். சின்ன வயதிலிருந்து 'ஒயர்ல கை வைக்காதே' என்று அண்ணன் மிரட்டி வளர்த்தவள் நான்.

"என்ன பண்ணப் போறே?" என்றார் இவர்.

"கையை மாத்தித் தைக்கப் போறேன்."

"யாரோட கையை?"

வலது பக்கம் இருந்த சிவப்பை இடது பக்கமும், இடது பக்கம் இருந்த பச்சையை வலது பக்கமும் மாற்றி முறுக்கினேன். போனை மாட்டினேன். ரிசீவரை எடுத்தேன். 'ம்ம்ம்.' முதல் எண்ணை அழுத்தினேன்.

'பீப்.'

டோன் வாயை மூடிக்கொண்டது. அந்த மௌனம் இருக்கிறதே, அவ்வளவு இனிப்பான எதையும் என் காது அதுவரை கேட்டதில்லை. இவரிடம் ரிசீவரைக் கொடுத்தேன். இடது கை விரலால் ஒவ்வொரு பட்டனாகத் தேடித் தேடி அழுத்தி, என் கம்பெனி வாட்ச்மேனைப் பிடித்துவிட்டார். "சும்மாதான் பண்ணேன், எங்க வீட்டுக்காரி கெட்டிக்காரின்னு சொல்லலாம்னு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கெல்லாம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

"நானும் கை மாறிதான் இப்போ. எல்லாமே இடது கையில. உங்க மேசைக்கு வந்தா என்னைத் திருப்பி அனுப்பிடுவே" என்றார் இவர். பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருந்தேன். எட்டே முக்காலுக்கு, நர்ஸம்மா வருவதற்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ரிசீவரை எடுத்து அழுத்தினேன்.

'ம்ம்ம்.'

மறுபடி அழுத்தினேன். 'ம்ம்ம்.' இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அழலாமா என்று யோசித்தேன். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது. பெட்டியைத் திறந்தேன். சிவப்பு, வலது பக்கத்தில் இருந்தது.

ஒயருக்குக் கால் கிடையாது. தானாக நடந்து போயிருக்காது.

"இதை யாரு தொட்டது?"

இவர் தொண்டையைச் செருமினார். "நேத்து நீ மருந்து வாங்கப் போயிருந்தே இல்ல, அப்போ மச்சான் வந்தாரு. பெட்டியைத் திறந்து மீட்டரை வச்சுப் பார்த்தாரு. எவனோ முட்டாள் தப்பா மாட்டியிருக்கான்னு திட்டிக்கிட்டே சரி பண்ணிட்டுப் போனாரு."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"அவர் முட்டாள்னு சொன்னது உன்னைத்தானே. அதை நான் எந்த வாயால சொல்றது?"

ஒயரை மாற்றி முறுக்கினேன். 'பீப்' வந்தது. அதே போனில் முதல் வேலையாக அண்ணன் கடைக்குப் போட்டேன். "பத்து நிமிஷத்துல இங்க இருக்கணும்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். என் குரல் அவனுக்குத் தெரியும், எட்டு நிமிஷத்தில் வந்துவிட்டான். அவன் பின்னாலேயே லைன்மேனும் கையெழுத்துக்காகச் சீட்டோடு வந்து நின்றார். எனக்கு இதைவிட நல்ல நேரம் எப்போது வாய்க்கும்?

"பெட்டியில கை வச்சியா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"வச்சேன். சிவப்புல மைனஸ் காட்டுச்சு. ஏதோ ஒரு முட்டாள்..."

"அந்த முட்டாள் நான்தான்."

மீட்டர் இடுப்பில் இருக்கும்போது அண்ணன் பின்வாங்குகிற ஆள் இல்லை. "நீயா? ஏய், பேட்டரியைப் பாரு, சிவப்பு ப்ளஸ்தான். காரைப் பாரு, சிவப்பு ப்ளஸ்தான். ஒயர் இழுத்த அன்னிக்கே அளந்து பார்த்து ப்ளஸ்ஸை சிவப்பு ஒயர்ல நான்தானே மாட்டினேன். முப்பது வருஷமா சிவப்பு ப்ளஸ்ஸுதான்!"

லைன்மேன் மெதுவாகக் குறுக்கிட்டார். "சார், எங்க லைன்ல சிவப்புதான் மைனஸ்."

"என்னது?"

"ஆமா சார். பச்சைதான் ப்ளஸ். ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

அண்ணன் மீட்டரை எடுத்தான், வைத்தான், பார்த்தான். லைன்மேனைப் பார்த்தான். மறுபடி மீட்டரைப் பார்த்தான். முப்பது வருஷமாக நம்பிய சிவப்பு நடுரோட்டில் விட்டுவிட்டுப் போன மாதிரி நின்றான்.

நான் லைன்மேன் பக்கம் திரும்பினேன். "அவன் தப்பா மாட்டினான், சரி. நீங்க ஏன் கண்டுபிடிக்கலை?"

"இந்தக் காலத்துப் போனெல்லாம் எப்படி மாட்டினாலும் வேலை செய்யும்மா. என்னோடதும் அப்படித்தான். பழைய போன்ல மட்டும் ஒயர் மாறிட்டா டோன் கேக்கும், பேச்சு கேக்கும், பட்டன் மட்டும் ஊமையாயிடும். நான் உங்க போனை மாட்டிப் பார்க்கலை. தப்புதான்."

தப்பு என்று ஒரு ஆண்பிள்ளை வாயால் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்குச் சீட்டை நீட்டச் சொன்னேன். 'குறை இல்லை' என்பதை அடிக்கச் சொல்லி, கீழே நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன்: 'குறை இருந்தது. வீட்டுக்காரம்மா கண்டுபிடித்தார்.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு பெரிய வாலும் வைத்தேன். அண்ணன் யாரும் சொல்லாமலே ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, 'இங்கே சிவப்புதான் மைனஸ். யாரும் கை வைக்கக் கூடாது' என்று எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினான். "யாரும்னா யாரு மச்சான்?" என்று இவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

சரியாகப் பத்து மணிக்கு நர்ஸம்மா வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "எல்லாரும் வெளியே வாங்க. யாராவது பக்கத்துல நின்னா அது சோதனையே இல்லை." தெருமுனை மருந்துக்கடையின் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி இவர் மடியில் வைத்தார். இவர் பழகிய எண் இல்லை அது. "நாங்க அந்தக் கடையில இருப்போம். நாலு நிமிஷத்துக்குள்ள நீங்க எனக்குப் போன் பண்ணணும்." முதல் தடவையாக இவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தோம். மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டி மேல் போன் இருந்தது. நர்ஸம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் மீட்டரைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். லைன்மேனும் போக மனமில்லாமல் நின்றார்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷம் மணி அடித்தது. நான் துள்ளிவிட்டேன். கடைக்காரர் எடுத்தார். "ஆமா... இருமல் மருந்தா? குழந்தைக்கா, பெரியவங்களுக்கா? வறட்டு இருமலா..."

"வைங்க!" என்றேன்.

"வாடிக்கையாளர்ம்மா..."

"அவங்க அப்புறம் இருமிக்கட்டும், வைங்க!" கையை நீட்டி நானே கட் பண்ணிவிட்டேன். என் வீட்டுக்காரர் இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டு, எங்கேஜ்டு டோன் கேட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தால்? மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. நர்ஸம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றரை ஆனது. லைன் சரி, போன் சரி, இரண்டையும் சேர்த்து வைத்தது நான். ஆனால் அந்த விரலுக்குப் பதில் என்னால் அழுத்த முடியாது. அங்கே நின்றுகொண்டு மனதுக்குள் ஒவ்வொரு எண்ணாக நானும் அழுத்தினேன்.

மணி அடித்தது.

நர்ஸம்மா எடுத்தார். "ஹலோ, யாரு பேசறது?"

ரிசீவரிலிருந்து வந்த குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. இழுத்து இழுத்து, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருந்தது.

"டிரைவர் பேசறேன். ஒரு தடவை போட்டேன், எங்கேஜ்டு. மறுபடி போட்டேன்."

"எங்கேருந்து பேசறீங்க?"

"வீட்லேருந்து. வீட்லதான் இருக்கேன். இங்கதான் இருப்பேன்."

நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "சரிங்க. திங்கட்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

அண்ணன் லைன்மேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார். நர்ஸம்மா ரிசீவரை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

காதில் வைத்தேன்.

"செக்கரம்மா" என்றார் இவர். "இங்க ஒரு கை மாறி பீஸ் இருக்கு. பாஸா, ரிட்டர்னா?"

நடுக் கடையில் நின்று ஓவென்று அழுதுகொண்டே, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "பாஸ்!"